துணைவர் அனுமதி

மனைவியின் படிப்பு முடிந்த மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, டர்னருக்கு வேலை போயிற்று. அவன்மேல் புகார் ஒன்றும் இல்லை. அன்று மதியம்கூட பம்புகளுக்கான தண்டு எட்டு கடைந்து வைத்திருந்தான். எட்டிலும் மயிரிழை பிசகில்லை. போர்மேன் அளவு பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். நாலு மணிக்கு அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, டர்னரின் அனுமதித் தாளின் நகலை மேஜைமேல் வைத்து, அடியில் இருந்த முடிவுத் தேதியின்மேல் விரலை வைத்தான். அன்றைய தேதி.

“புதுத் தாள் வந்ததும் வா. மெஷின் எங்கேயும் ஓடிப்போகாது” என்று அந்த ஊர் மொழியில் சொன்னான்.

டர்னர் என்பது அவன் பெயரில்லை. பதினாறு வயதில் இரும்பு கடைகிற லேத்தின் முன்னால் நின்றவன், முப்பத்தொன்பது வரைக்கும் நகரவில்லை. சொந்த ஊர்ப் பட்டறையில் ஒட்டிக்கொண்ட அந்தப் பெயர் விமானம் ஏறி இங்கேயும் வந்துவிட்டது. மனைவியோடு படித்த பெண்கள் ‘டர்னர் அண்ணன்’ என்றார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஊரில் அவள் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள். முப்பத்திரண்டு வயதில் முதியோர் பராமரிப்புப் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். படிக்கிறவளின் கணவன் என்ற வகையில் அவனுக்கும் ஒரு தாள் கிடைத்தது. அவள் படிக்கிறவரை அவன் வேலை பார்க்கலாம். குழந்தைப் பேச்சை, வந்து காலூன்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். இரண்டு வருஷம் அவன் பட்டறைக்கும் அவள் கல்லூரிக்கும் போனார்கள். சந்திப்பு அடுப்படியில்தான்.

அன்று சாயங்காலம் அவள் வரும்போது அவன் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தான்.

“சொல்லிட்டானா?”

“சொல்லிட்டான். தேதியைக் காட்டினான். நான் என்ன, தேதியைப் பார்க்காதவனா?”

“மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. எனக்கு அனுமதி வந்துட்டா, அதைக் காட்டி உங்களுக்கும் போட்டுடலாம். நாலு மாசம், மிஞ்சினா அஞ்சு மாசம்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் வீட்டுல இருங்க. இத்தனை வருஷமா ஓடினது போதாதா? காலை நீட்டிப் படுங்க.”

“நீ மட்டும் போவ?”

“நான் விண்ணப்பம் போட்டாச்சுல்ல. முடிவு வர்ற வரைக்கும் வேலை பார்க்கலாமாம். உங்களுக்குத்தான் விண்ணப்பம் போடவே வழி இல்ல. என் தாள் வந்தாத்தான் உங்க தாள்.”

“அப்போ நீ எஞ்சின். நான் பின்னால மாட்டின பெட்டி.”

“பெட்டி உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் சின்னதா நறுக்கட்டும்” என்றாள். இருவரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

நகரத்தின் ஓரத்தில் இருந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. உதவியாளர். பதினான்கு பேர் அவள் பொறுப்பு. எழுப்புவது, துடைப்பது, விரிப்பு மாற்றுவது, ஸ்பூனால் ஊட்டுவது, பட்டைக் கயிற்றில் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது. காலை ஆறரைக்குப் பஸ். டர்னர் ஐந்து மணிக்கே எழுந்து அவளுக்குச் சோறு கட்டிக் கொடுப்பான். அவள் போன பிறகு பாத்திரம் கழுவுவான், தரையைத் துடைப்பான், துணி மடிப்பான். எல்லாம் முடித்து நிமிர்ந்தால் மணி எட்டு ஆகியிருக்கும். பகல் அப்படியே மிச்சம் கிடக்கும்.

முதல் மாதம் வீட்டில் ஆடுகிறவை, ஒழுகுகிறவை எல்லாவற்றையும் சரி செய்தான். கட்டிலின் மறையாணி, குழாய், அலமாரிக் கதவு. வீட்டில் ஒன்றும் பாக்கி இல்லாமல் போனதும் கீழ்வீட்டுக்காரியின் கதவுக் கீலைக் கழற்றிப் பூட்டிக் கொடுத்தான். அவள் நன்றி சொல்லி ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தாள். மனைவி அதைப் பார்த்ததும் பயந்துபோனாள். அவர்களுக்கு விண்ணப்பங்கள் பூர்த்தி செய்து தருகிற ஒரு அம்மாள் இருந்தார். தமிழ்க்காரர். டிராவல்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் படிவக்கார அம்மா என்பார்கள். உடனே அவருக்குப் போன் போட்டாள்.

“காசு வாங்கினாரா?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“இல்லைங்க. பிஸ்கட்.”

“பிஸ்கட்டும் கூலின்னு சொன்னா சொல்லலாம். காசு வாங்கலைன்னாலும், இந்த ஊர்க்காரன் ஒருத்தன் கூலிக்குச் செய்யற வேலையை இவர் செஞ்சா அது வேலைதான். எதுக்கு வம்பு? அவரைக் கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்க.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. டர்னர் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். “சும்மா இருக்கறதுக்கும் ஒரு சட்டம் வச்சிருக்கான் பாரேன்” என்றான். பிஸ்கட் பாக்கெட்டை அப்படியே கொண்டுபோய்க் கீழ்வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். கீழ்வீட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகு படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாவது மாதம் நடக்க ஆரம்பித்தான். எந்தப் பக்கம் கிளம்பினாலும் கால் பட்டறைத் தெருவில்தான் கொண்டுபோய் விட்டது. எதிர்ப் பஸ் நிறுத்தத்தின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே, மழைக்கு ஒதுங்கியவனைப்போல நிற்பான். ஆறு மெஷின் சத்தத்தில் தன் மெஷினின் சத்தம் அவனுக்குத் தனியாகக் கேட்கும். ஒரு நாள் அது கீச்சென்று கத்தியது. புதிதாக வந்தவன் சூடு தணிக்கிற கூலண்ட் விடாமல் டூலை அவசரமாக உள்ளே தள்ளுகிறான். டர்னரின் வலது கை தானாக எழுந்து, இல்லாத ஒரு கைப்பிடியைப் பின்னால் இழுத்தது. பக்கத்தில் நின்ற கிழவர் அவனைப் பார்த்தார். அவன் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அவன் அங்கே தங்கியிருக்க மட்டும் கேட்டிருந்த புதுத் தாள் மூன்றாவது மாதம் தபாலில் வந்தது. வகை என்ற இடத்தில் ‘பார்வையாளர்’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, எந்த வேலையும் செய்யக்கூடாது.

“என் பொண்டாட்டி வீட்டுக்கு நான் விருந்தாளி” என்றான். “சாப்பாடு போடு. தட்டை நான் கழுவக்கூடாது.”

அவள் களைத்துப்போய் வந்திருந்தாள். சிரிக்கவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அவன் அவள் காலணிகளைக் கழற்றி, ஈர சாக்ஸை ஹீட்டர்மேல் போட்டுவிட்டு, அவள் விழித்துக்கொள்ளட்டும் என்று எதிரில் உட்கார்ந்திருந்தான். பகல் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சொல்ல இரண்டு மூன்று விஷயம் சேர்த்து வைத்திருந்தான். அவள் விழித்தபோது அவை சொல்கிற மாதிரி இல்லை.

ரயில் பாலத்துக்கு அப்பால் ஒரு சந்தில் நம்மாள் ஒருத்தர் கார் பழுது பார்க்கும் கேரேஜ் வைத்திருந்தார். டர்னர் ஒரு நாள் சும்மா எட்டிப் பார்த்தான். மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய பழைய லேத் ஒன்று நின்றிருந்தது.

“ஓடுமா?” என்று கேட்டான்.

“ஓடும். ஓட்டத்தான் ஆள் இல்ல” என்றார் கேரேஜ்காரர். “பிரேக் டிரம் ரெண்டு கடையணும். வெளியில கொடுத்தா ஒரு வாரம் இழுக்கிறான். நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?”

“பார்க்கக்கூடாது. பார்வையாளர்.”

“அப்படின்னா?”

“பார்த்துக்கிட்டு நிக்கலாம்.”

கேரேஜ்காரர் கடகடவென்று சிரித்தார். “சரி, நில்லுங்க. நின்னுக்கிட்டே இந்த டூலைக் கொஞ்சம் பிடிச்சுத் தாங்க, கண்ணு சரியாத் தெரியலை எனக்கு.”

டூலைப் பிடித்தவன், லேத்தின் பிடியான சக்கில் டிரம்மை மாட்டினான். தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்தான். சுவிட்சைப் போட்டான். முதல் இரும்புத் தூள் சூடாக உதிர்ந்து விழுந்தபோது அந்த வாசனையை மூச்சு நிறைய இழுத்தான். கேரேஜ்காரர் ஏதோ கேட்டார். டிரம்மிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை ஆட்டினான்.

மறுநாளும் போனான். அதற்கு அடுத்த நாளும். கேரேஜ்காரர் எதையோ கையில் திணிக்க வந்தபோது கும்பிட்டு மறுத்துவிட்டான். சாயங்காலம் மனைவி வருவதற்கு முன்பே வீட்டுக்கு ஓடிவந்து, சோப்புத்தூள் போட்டுக் கையைத் தேய்த்தான். அந்த மூன்று நாளும் அவன் நிறையப் பேசினான். சோற்றையும் நிறைய வைத்துக்கொண்டான். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாம் நாள் தட்டை நீட்டும்போது அவன் கை வலியில் பின்வாங்கியது. அவள் கையைப் பிடித்து விளக்குக்கு நேரே திருப்பினாள். உள்ளங்கையில், கட்டைவிரலுக்கு அடியில், ஒரு இரும்புச் சிலாம்பு ஏறியிருந்தது. அவள் ஊசியை எடுத்துவந்தாள். ஸ்பிரிட்டில் நனைத்தாள். இல்லத்தில் கிழவர்களின் கையைப் பிடிப்பதுபோல மணிக்கட்டை மடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, தோலைக் கீறி, சிலாம்பை நகத்தால் கிள்ளி எடுத்தாள். அதை மேஜையில் வைத்தாள்.

“இது எந்தப் பாத்திரம் கழுவினப்போ ஏறுச்சு?”

அவன் சிலாம்பை விரலால் நகர்த்தினான்.

“எத்தனை நாளா?”

“மூணு நாள்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கேரேஜ். காசு வாங்கலை.”

“யாராவது போட்டோ எடுத்தா? அந்தக் கேரேஜுக்கு எவனாவது சோதனைக்கு வந்தா? உங்களை மட்டுமா அனுப்புவாங்க? என் விண்ணப்பம் அங்க கிடக்குது டர்னர்! ரெண்டு வருஷம் நான் விடிய விடிய உட்கார்ந்து படிச்சது அந்த மேஜைமேல கிடக்குது.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா போனீங்க?”

“கை கேக்குதுடி” என்றான். “நான் போகலை. கைதான் போச்சு. பகல் முழுக்க இந்த நாலு சுவரை நீ பார்த்திருந்தாத் தெரியும். குழாயில தண்ணி சொட்டுனாக்கூட, யாரோ பேசறாங்கன்னு காதைக் குடுக்கறேன்.”

“நான் அங்க என்ன, ஊஞ்சலா ஆடறேன்? ஒவ்வொருத்தரையா தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போச்சு. வந்து படுத்தா, இன்னிக்கு ஏதாவது கடுதாசி வந்திருக்குமோன்னு போனை எடுத்து எடுத்துப் பார்க்கறேன். நீங்க பேசாம இருக்கற அந்த ஒண்ணைத்தான் நான் கேட்டேன்.”

“அந்த ஒண்ணுதான் எனக்கு வரலை.”

அவள் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். அவன் அதற்குப் பிறகு ரயில் பாலத்தைத் தாண்டவில்லை. கேரேஜ்காரர் இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

ஐந்தாம் மாதக் கடைசியில் அவளுக்கு அனுமதி வந்தது. மூன்று வருஷம். எங்கே வேண்டுமானாலும், யாரிடம் வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். போனில் அதைப் பார்த்ததும் இல்லத்தின் துணிக்கூடையருகே நின்று அழுதாள். அவனைக் கூப்பிட்டாள். அவன் ‘வந்துடுச்சா, வந்துடுச்சா’ என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, போனை வைத்தான். மறுநாள் சவரம் செய்துகொண்டு, பட்டறைக்குப் போடுகிற கனத்த காலணியைத் துடைத்து வைத்தான். அந்தச் சனிக்கிழமை இருவரும் படிவக்கார அம்மாவின் அறைக்குப் போனார்கள்.

அவர் அவளுடைய வேலைக் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“உதவியாளர்னு போட்டிருக்காங்க.”

“ஆமாங்க.”

“இப்ப விதி மாறிடுச்சும்மா. வேலை பட்டியல்ல மேல் வகுப்புல இருந்தாத்தான் துணைவருக்கு அனுமதி. மேற்பார்வையாளர், நர்ஸ், அப்படி. உதவியாளர் அதுல வராது.”

“நான் மேற்பார்வையும் பார்க்கறேங்க. புதுசா வர்றவங்களுக்கு நான்தான் கத்துத் தர்றேன்.”

“நீங்க என்ன செய்யறீங்கன்னு அவங்க பார்க்க மாட்டாங்க. என்ன எழுதியிருக்குன்னுதான் பார்ப்பாங்க.”

டர்னர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். “அம்மா, என் பட்டறையிலயே எனக்குன்னு தனியா அனுமதி கேட்டா?”

“கேட்டீங்களா?”

“போர்மேனைக் கேட்டேன். முதலாளியைக் கேட்டுச் சொல்றேன்னான்.”

“ஆறு பேர் இருக்கற பட்டறை. விளம்பரம் போடணும், இந்த ஊர்ல ஆளே கிடைக்கலைன்னு காட்டணும், ஒரு வருஷம் ஆபீஸ் ஆபீஸா அலையணும். செய்வாரா?”

முதலாளி முடியாது என்றுவிட்டதாகப் போர்மேன் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தான். அதை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. டர்னர் தலையைக் குனிந்துகொண்டான்.

“இவர் இங்க இருக்கலாம்” என்றார் அந்த அம்மாள், தணிந்த குரலில். “பார்வையாளரா நீட்டிச்சுக்கலாம். அதுல ஒரு தடையும் இல்ல. இன்னொண்ணு, சொல்லிடறேன். உங்களுக்கு வந்திருக்கறது வாழ்க்கையில ஒரு தடவைதான். விட்டுட்டு ஊருக்குப் போயிட்டு, அப்புறம் வந்து கேட்டா கிடைக்காது.”

கீழே இறங்கும்போது படியில் முன்னால் அவன், பின்னால் அவள். தெருவில் நல்ல வெயில் அடித்தது. வெகுநாளுக்குப் பிறகு அடித்த வெயில். ஆளாளுக்குக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். இவர்கள் இருவரும் பித்தான்கூடக் கழற்றாமல் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

மறுநாள் ஞாயிறு. இரண்டு பை அழுக்குத் துணியோடு, தெருமுனையில் இருந்த துணி துவைக்கிற கடைக்குப் போனார்கள். வேறு யாரும் இல்லை. துணி உள்ளே சுழன்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் போயிடறேன்” என்றான் டர்னர்.

அவள் திரும்பவில்லை. “எங்க?”

“ஊருக்கு. பழைய பட்டறையில பேசிட்டேன். வாங்கன்னுட்டார்.”

“பேசியே முடிச்சிட்டீங்களா?”

“உன்கிட்ட சொல்லிட்டுத்தான் முடிக்கணும்னு இருந்தேன்.”

“இருங்களேன். என் சம்பளத்துல ரெண்டு பேரும் சாப்பிட முடியாதா? ஊர்ல எத்தனை பொம்பளைங்க வீட்டுல இருக்காங்க, புருஷன் கொண்டுவர்றதுல சாப்பிடலையா? உங்களுக்கு மட்டும் என்ன கேவலம்?”

“கேவலம்னு நான் சொல்லலை. உன் கையால சாப்பிடறதுல எனக்கு வெக்கம் கிடையாது. அந்தப் பொம்பளைங்களுக்குப் பேச ஆளாவது இருக்கும். அஞ்சு மாசமா நான் நீ போறதைப் பார்க்கறேன், வர்றதைப் பார்க்கறேன், தூங்கறதைப் பார்க்கறேன்.”

“என்னைப் பார்த்துக்கிட்டிருந்தா போதாதா?”

அவன் சுழலும் துணியைப் பார்த்தான். மெஷின் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடியும் வேகமெடுத்தது.

“போதணும்” என்றான். “போதலையே.” பிறகு அவள் பக்கம் திரும்பினான். “நீயும் வந்துடேன்.”

இதை அவன் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். நேற்றிலிருந்து அதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருந்தாள். கேட்டபோது வேறு பதில் வந்தது.

“நான் வரலைங்க.”

“ஒரு தடவைதான்னு அந்தம்மா சொன்னதாலயா?”

“அது மட்டும் இல்ல. அங்க போனா மறுபடி அந்த ஜன்னல். ‘அடுத்தது யாரு, அடுத்தது யாரு’ன்னு கத்திக்கிட்டு. இங்க ஒரு கிழவி இருக்கா, ஸ்கூல் நடத்தினவளாம். நாலு மாசமா யார் போனாலும் கையைத் தட்டி விடுவா. நான் கையை வச்சா எந்திரிச்சு உட்கார்றா. தலைவாரிக்கறா. எனக்கு… எப்படிச் சொல்றது? நீங்க ஒரு தண்டைக் கடைஞ்சு எடுத்து விரலால தடவிப் பார்ப்பீங்கல்ல, அந்த மாதிரி இருக்கு.”

டர்னர் அவளைப் பார்த்தான். கோபப்பட நினைத்தான். அதற்குள் அவள் சொன்ன தண்டின் வழவழப்பு அவன் விரலில் வந்து நின்றது.

“சரி” என்றான். பிறகு, “நமக்குன்னு ஒரு குழந்தை… வந்தப்புறம் பார்க்கலாம்னு பேசினோம்.”

“ஆமா.”

“எங்க வந்தப்புறம்?”

மெஷின் துணியை உலர்த்தியும் முடித்து நின்றது. இரண்டு பேரும் எழுந்து, கதவைத் திறந்து, துணியைக் கூடையில் போட்டார்கள். போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்து உதறி மடித்தார்கள். மடித்து மடித்து, கடைசி மடிப்பில் இரண்டு பேரின் கையும் சேர்ந்தபோது அவள் அழுதாள். அவன் போர்வையை வாங்கிக்கொண்டான்.

புறப்பாடு ஒரு செவ்வாய்க்கிழமை அமைந்தது. மதிய விமானம். அவள் லீவு கேட்டிருந்தாள். கிடைப்பதாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை இரண்டு பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். மாடியில் முப்பது பேருக்கு ஒரே ஒருத்தி என்று மேலாளர் கெஞ்சினார். டர்னரே, “போ, நான் என்ன பச்சைப் பிள்ளையா? வந்த வழி தெரியும்” என்றான்.

காலையில் வழக்கம்போல அவளுக்குச் சோறு கட்டினான். அவள் குனிந்து காலணி மாட்டினாள். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிவிட்டான்.

“விமானத்துல ஏறினதும் மெசேஜ் போடுங்க.”

“போடறேன்.”

“ஸ்வெட்டரைப் பெட்டிக்குள்ள வைக்காதீங்க. கையில வச்சுக்குங்க. உள்ள குளிரும்.”

“சரி. பஸ் வந்துடப் போகுது.”

அவன் நெஞ்சில் ஒரு நொடி நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். அவன் வாசலில் நின்று, போ போ என்று கையை ஆட்டினான்.

அன்று இல்லத்தில் உட்கார நேரமில்லை. பதினொன்றரைக்கு ‘ஏறிட்டேன்’ என்று செய்தி வந்தது. ஒருத்தருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஸ்பூனைக் கீழே வைக்காமலே படித்தாள். சாயங்காலம் ஐந்தரைக்குப் பஸ்ஸைவிட்டு இறங்கி, மாடியேறி, கதவை இரண்டு தட்டு தட்டினாள். பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். மறுபடியும் தட்டினாள். “ஏங்க” என்று கூப்பிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

இத்தனை மாதமாகச் சாவி எடுத்துக்கொண்டு போகும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. சாவி உள்ளே ஆணியில் தொங்கியது. அவன் தன் சாவியையும் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போயிருப்பான். இழுத்தால் தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு. போன் போட்டாள். அணைத்து வைத்திருப்பதாகக் குரல் சொன்னது. அவன் இன்னும் ஆகாயத்தில் இருந்தான். கீழே போய்க் கட்டடக் காவல்காரரைக் கூட்டிவந்தாள். அந்த ஊர்க்காரர், நல்ல மனுஷர். கொத்துச் சாவியோடு வந்து கதவைத் திறந்து தள்ளினார். இப்படித் திறந்தால் எழுதிவைக்க வேண்டும் என்று கக்கத்திலிருந்து ஒரு நோட்டை எடுத்துச் சுவரில் வைத்துக்கொண்டார். வீட்டு எண் எழுதினார். அவள் பெயரைக் கேட்டு எழுதினார்.

“வீட்டில் எத்தனை பேர்?”

“ரெண்டு” என்றாள் தமிழில். உடனே அவர் மொழியில் அதையே சொன்னாள்.

அவர் எழுதினார். திருத்துவதற்கு அவளுக்கு நேரம் இருந்தது. அவர் நிதானமாகத்தான் தேதி போட்டார், நேரம் போட்டார், கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்லி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.